வில்லியம்ஸ் ரோடும் அம்மாவின் இனிஷியலும்... ‘சர்நேம்’ பிறந்த கதை!

“சர்நேம் என்னம்மா போடட்டும்?”

திருச்சி கே.கே. நகரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டர். பாஸ்போர்ட் ஃபார்ம் நிரப்பிக்கொண்டிருந்த தம்பி கேட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஏன்டி, ஜாதிப் பேரையா கேக்குறாங்க?” என்றார்.

சட்டென்று என்னிடம் பதில் இல்லை.

விஷயம் இதுதான். அக்காவுக்கு துபாயில் பிரசவம். அம்மா உதவிக்குப் போக வேண்டும். அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டில் இருப்பது ஒரே ஒரு பெயர். சர்நேம் கட்டம் காலி. “ஒத்தைப் பேரா இருந்தா விசாவுல சிக்கல் வரலாம் மேடம். எப்படியும் புதுப்பிக்கணும், இப்பவே சர்நேம் போட்டுடுங்க” என்று டிராவல்ஸில் சொல்லிவிட்டார்கள்.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் இருந்தது. தாத்தா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போது சாதிப் பட்டத்தைப் பெயரில் ஒட்டக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தவர். “எங்கப்பா எடுத்துப் போட்டதை நான் திரும்ப ஒட்டணுமா?” என்றார் அம்மா. “நாளைக்கு வர்றோம் தம்பி” என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் காலை கே.கே. நகரிலிருந்து பஸ்ஸில் போனேன். மத்தியப் பேருந்து நிலையம் பக்கம் ஒரு பெயர்ப் பலகை கண்ணில் பட்டது. நூறு தடவை பார்த்த பலகைதான். ‘வில்லியம்ஸ் ரோடு’.

வில்லியம்ஸ் என்பது சர்நேம். சரி, அந்த வெள்ளைக்காரருக்கு அது எங்கிருந்து வந்தது? தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அம்மாவின் கேள்விக்கான பதில் அந்தப் பெயரிலேயே இருந்தது.

முதலில் அது வெறும் பெயர்!

‘வில்லியம்’ என்பது பழைய ஜெர்மானிய மொழிப் பெயர். இரண்டு சொற்கள் சேர்ந்தது. ‘வில்’ என்றால் விருப்பம், மன உறுதி. ‘ஹெல்ம்’ என்றால் தலைக்கவசம். அந்தக் காலத்து ‘ஹெல்மெட்’ என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இந்தப் பெயரை இங்கிலாந்தில் பரப்பியது ஒரு போர். 1066 அக்டோபரில், பிரான்ஸின் நார்மண்டியிலிருந்து கடல் தாண்டி வந்த வில்லியம் என்கிற சிற்றரசர், ஹேஸ்டிங்ஸ் போரில் ஜெயித்து இங்கிலாந்தின் மன்னரானார். ராஜா பெயர் என்றால் சும்மாவா? அடுத்த சில தலைமுறைகளில் பிறந்த பிள்ளைகளில் எக்கச்சக்கமான வில்லியம்கள்.

எவ்வளவு என்பதற்கு ஒரு சம்பவம் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில், நார்மண்டியில் ஓர் இளவரசர் கிறிஸ்துமஸ் விருந்து வைத்தார். அதில் ஓர் அறையில், ‘வில்லியம் என்ற பெயர் இல்லாதவர்கள் எல்லாம் வெளியே போகலாம்’ என்று விளையாட்டாகச் சொன்னார்களாம். மிச்சமிருந்த வீரர்கள் மட்டும் 110 பேர் என்று அந்தக் காலத்து வரலாற்றுக் குறிப்பு ஒன்று சொல்கிறது!

நாலு குமார் இருந்தால் என்ன செய்வோம்?

ஒரே அறையில் 110 வில்லியம். யாரை எப்படிக் கூப்பிடுவது?

இதற்கு நம்மிடம் ஒரு வழி இருக்கிறது. தெருவில் நாலு குமார் இருந்தால் டெய்லர் குமார், மேட்டுத்தெரு குமார், நெட்டைக் குமார், மாரிமுத்து மகன் குமார் என்று பிரித்துவிடுவோம். அச்சு அசலாக இதையேதான் இங்கிலாந்துக்காரர்களும் செய்தார்கள். ஆங்கில சர்நேம்களில் பெரும்பாலானவை இந்த நாலு வகைக்குள் அடங்கிவிடும்.

முதல் வகை, தொழில். டெய்லர் என்றால் தையல்காரர், ஸ்மித் என்றால் கொல்லர், பேக்கர் என்றால் ரொட்டி சுடுபவர்.

இரண்டாவது, ஊரும் இடமும். ‘நியூட்டன்’ என்றால் புதிய ஊர். அதாவது, ஐசக் நியூட்டனை நம்ம ஊர் வழக்கப்படி ‘புதூர் ஐசக்’ என்று கூப்பிட்டிருப்போம். மலைக்கோட்டை அடிவாரத்தில், தெப்பக்குளம் அருகே கிளைவ் ஹவுஸ் இருக்கிறதே, அந்த ‘கிளைவ்’ என்ற பெயரும் இந்த வகைதான். பழைய ஆங்கிலத்தில் பாறைச்சரிவு என்று பொருள். பாறைக்குக் கீழே ஒரு பாறைச்சரிவு!

மூன்றாவது, ஆளின் தோற்றம். லாங் என்றால் நெட்டை, ஆம்ஸ்ட்ராங் என்றால் வலுவான கைக்காரர்.

நான்காவது, அப்பா பெயர். வில்லியம்ஸ் வருவது இதில்தான்.

கடைசியில் வரும் அந்த ‘ஸ்’

வில்லியமுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ‘ஸ்’ தான் முக்கியமான எழுத்து. ‘வில்லியமோட’ என்று அர்த்தம். ‘யாரு பையன் நீ?’ ‘வில்லியமோட பையன்.’ அவ்வளவுதான் வில்லியம்ஸ்.

இங்கிலாந்தின் வடக்கிலும் ஸ்காட்லாந்திலும் ‘மகன்’ என்பதை வெளிப்படையாகவே சொல்லிவிடுவார்கள். அங்கே அது ‘வில்லியம்சன்’. நியூசிலாந்து கிரிக்கெட்டர் கேன் வில்லியம்சன் பெயரில் இருப்பது இதுவே. வில்லியமைச் செல்லமாக ‘வில்’ என்று கூப்பிட்டால் பையன் ‘வில்சன்’. ‘வில்கின்’ என்று கொஞ்சினால் பையன் ‘வில்கின்சன்’. எல்லாம் ஒரே வில்லியமின் வாரிசுப் பெயர்கள்.

இதைப் படித்த பிறகு திருச்சி கன்டோன்மென்ட் ஏரியாவே எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது. லாசன்ஸ் ரோடு: ‘லா’ என்பது லாரன்ஸ் என்ற பெயரின் சுருக்கம், ‘சன்’ என்றால் மகன். ரெனால்ட்ஸ் ரோடு: ரெனால்டோட பையன். மெக்டொனால்ட்ஸ் ரோடு: ‘மெக்’ என்றால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் மகன், டொனால்டின் மகன். (பர்கர் கடைக்கும் இந்த ரோட்டுக்கும் சம்பந்தமில்லை. ஆனால், அந்தக் கடையை ஆரம்பித்த சகோதரர்களின் சர்நேமும் இதேதான்.)

அதாவது, நாம் தினமும் ஷேர் ஆட்டோவில் கடந்துபோகும் நாலு ரோட்டுப் பெயரும் யாரோ நாலு பேரின் அப்பா பெயர். நம்ம பாஷையில் சொன்னால், இனிஷியல்!

இனிஷியல் எப்படி உறைந்தது?

அப்படியானால் நமக்கும் அவர்களுக்கும் என்னதான் வித்தியாசம்? நம் இனிஷியல் ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். அவர்களுடையது ஒரு தலைமுறையில் அப்படியே நின்றுவிட்டது.

ஆரம்பத்தில் அவர்களுக்கும் மாறிக்கொண்டுதான் இருந்தது. வில்லியமின் மகன் ஜான் என்றால், அவர் ‘ஜான் வில்லியம்ஸ்’. ஜானின் மகன் தாமஸ் என்றால், ‘தாமஸ் ஜான்சன்’. நியாயம்தானே?

இதை நிறுத்தியதில் பெரிய பங்கு பேப்பருக்கு. 1377, 1379, 1381 என்று மூன்று முறை இங்கிலாந்தில் தலைவரி போட்டார்கள். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று எழுதிவைக்க வேண்டும். நிலம் கைமாறும்போது, ‘இது இன்ன குடும்பத்துச் சொத்து’ என்று நிரூபிக்க வேண்டும். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறினால் கணக்கு எழுதுபவருக்குத் தலைவலி. கொஞ்சம் கொஞ்சமாக, 1400 வாக்கில், இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களில் பெயர் நிலைத்துவிட்டது.

அடுத்து 1538. மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் க்ராம்வெல், ஒவ்வொரு தேவாலயமும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். பெயர்கள் இன்னும் இறுகின.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. அந்த தாமஸ் க்ராம்வெல்லின் அக்காள் தங்கை வழி மருமகன் பெயர் ரிச்சர்ட் வில்லியம்ஸ். செல்வாக்கான மாமாவின் பெயர்தான் லாபம் என்று அவர் ரிச்சர்ட் க்ராம்வெல்லாக மாறிக்கொண்டார். அவருடைய கொள்ளுப்பேரன்தான் ஆலிவர் க்ராம்வெல். 1649-ல் மன்னர் முதலாம் சார்லஸின் தலை வெட்டப்படக் காரணமாக இருந்து, பிறகு நாட்டையே ஆண்டவர். அந்தக் குடும்பத்தின் சில பழைய ஆவணங்களில் ‘க்ராம்வெல் என்கிற வில்லியம்ஸ்’ என்றே இருக்கிறது. நம்ம பத்திரப்பதிவு ஆபீஸ் வாசனை அடிக்கிறதா?

வேல்ஸில் ‘ஆப்’, மலேசியாவில் ‘ஏ/எல்’

வில்லியம்ஸ் என்ற பெயர் அதிகம் இருக்கும் இடம், இங்கிலாந்துக்குப் பக்கத்திலிருக்கும் வேல்ஸ். அங்கே ஜோன்ஸ், டேவிஸ், வில்லியம்ஸ் மூன்றும்தான் முன்வரிசைப் பெயர்கள்.

வேல்ஸ்காரர்களின் பழைய வழக்கம் அப்படியே நம்முடையது. 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர்களின் பெரும் கவிஞர் பெயர் டாவித் ஆப் குவிலிம். ‘ஆப்’ என்றால் வேல்ஸ் மொழியில் மகன். ‘குவிலிம்’ என்பது வில்லியம் என்ற பெயரின் வேல்ஸ் வடிவம். இன்றைய கணக்கில் அவர் டேவிட் வில்லியம்ஸ்! எட்டாம் ஹென்றி காலத்தில் வேல்ஸ் முழுக்க இங்கிலாந்து சட்டத்துக்குள் வந்தது. கோர்ட்டும் பதிவேடும் ஆங்கிலத்துக்கு மாற, ‘ஆப்’ மெல்ல மறைந்தது. சில பெயர்களில் அதன் மிச்சம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஆப் ரீஸ்’ என்பது ப்ரைஸ் ஆனது. ‘ஆப் ரிச்சர்ட்’ என்பது ப்ரிட்சர்ட் ஆனது.

திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போய்வந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மலேசியத் தமிழர்களின் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் ‘ஏ/எல்’ அல்லது ‘ஏ/பி’ என்று இருக்கும். மலாய் மொழியில் இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்பதன் சுருக்கம். சிங்கப்பூரில் அதுவே ‘எஸ்/ஓ’, ‘டி/ஓ’. வேல்ஸின் ‘ஆப்’ 500 வருடம் கழித்து நம்ம சொந்தக்காரர்களின் கார்டில் இருக்கிறது.

ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா அல்லது அம்மா பெயரோடு ‘மகன்’, ‘மகள்’ என்று சேர்த்துக்கொள்கிறார்கள். பணக்கார ஐரோப்பிய நாடு ஒன்று இன்றும் இனிஷியலில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒட்டவைக்கப்பட்ட பெயரும் உண்டு

வில்லியம்ஸ் கதையில் வலியான ஒரு பகுதியும் இருக்கிறது. அமெரிக்காவின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஸ்மித், ஜான்சன் பெயர்களுக்கு அடுத்து மூன்றாவது இடம் வில்லியம்ஸுக்கு. 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கறுப்பினத்தவர்கள். டென்னிஸ் சகோதரிகள் வீனஸ், செரீனாவின் சர்நேமும் இதுதான்.

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சொந்தப் பெயர்கள் பறிக்கப்பட்டன. 1865-ல் அடிமைமுறை ஒழிந்தபோது, விடுதலையானவர்களுக்கு ஆவணங்களில் எழுத ஒரு சர்நேம் தேவைப்பட்டது. சிலர் பழைய முதலாளியின் பெயரை வைத்துக்கொண்டார்கள். சிலர் தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘இது என் முன்னோர் பெயர் இல்லை’ என்று சொல்லி, பிறந்தபோது இருந்த ‘லிட்டில்’ என்ற சர்நேமை எறிந்துவிட்டு, தெரியாத பெயருக்கு அடையாளமாக ‘எக்ஸ்’ என்று போட்டுக்கொண்டார் மால்கம் எக்ஸ்.

ஒரு பெயரைச் சுமப்பதைப் போலவே, எறிவதும் அரசியல்தான். அது நமக்குப் புதிதில்லையே!

நாம் எறிந்ததும் வைத்துக்கொண்டதும்

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் சுயமரியாதை மாநாடு நடந்தது. பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். பெரியார் தன் பெயரிலிருந்த ‘நாயக்கர்’ பட்டத்தை விட்டார். அடுத்தடுத்த தலைமுறைகளில் அது தமிழ்நாட்டின் பொதுவழக்கமாகவே ஆனது. பட்டம் போனது, இனிஷியல் நின்றது.

எங்கள் கே.கே. நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். கலைஞர் கருணாநிதி நகர் என்பதன் சுருக்கம். ஏரியா பெயரே இரண்டு எழுத்தில்தான் இருக்கிறது. அவர் பெயரில் ‘மு’ என்பது அப்பா முத்துவேல். மகனுக்கு வரும்போது அது மு.க. ஸ்டாலின். ஒரு தலைமுறைக்கு ஓர் எழுத்து!

ஆனால், உலகம் இதைப் புரிந்துகொள்ளத் திணறும். திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி.வி. ராமனுக்கு 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய அண்ணன் மகன் எஸ். சந்திரசேகருக்கு 1983-ல் கிடைத்தது. இரண்டு பேரும் ஒரே குடும்பம் என்று பெயரைப் பார்த்து ஒரு வெளிநாட்டுக்காரர் கண்டுபிடிக்கவே முடியாது. நமக்குத்தான் தெரியும். ராமனின் அப்பா பெயர் சந்திரசேகரன். தாத்தா பெயரைத்தான் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள். நியூட்டன் விதியில் இருப்பது குடும்பப் பெயர், ராமன் விளைவில் இருப்பது வீட்டில் கூப்பிட்ட பெயர்.

செஸ் சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்தை வெளிநாட்டு ரசிகர்கள் ‘விஷி’ என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். உண்மையில் அது அவருடைய அப்பா பெயரின் சுருக்கம்! கூகுளின் சுந்தர் பிச்சையின் சர்நேமும் அவருடைய அப்பா ரகுநாத பிச்சையின் பெயரிலிருந்து வந்ததுதான்.

ஃபார்ம் நிரப்பும்போது...

சரி, இப்போது நடைமுறைக்கு வருவோம்.

இந்திய பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டாயம் இல்லை, காலியாக விடலாம். ஆனால், இனிஷியலை ஒற்றை எழுத்தாகப் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். சர்நேம் கேட்டால் சாதிப் பெயர் எழுத வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இனிஷியலின் விரிவான அப்பா பெயரையே பலரும் எழுதுகிறார்கள்.

காலியாக விட்டால் என்ன ஆகும்? 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு ஐக்கிய அரபு அமீரக டூரிஸ்ட் விசாவில் சிக்கல் வந்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். அமெரிக்க விசாவில், உங்கள் ஒற்றைப் பெயரை சர்நேம் இடத்தில் போட்டுவிட்டு, முதல் பெயர் இடத்தில் ‘பெயர் தெரியவில்லை’ என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்தை அடித்துவிடுவார்கள்.

பெண்களுக்கு ஒரு விஷயம். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. 2016 டிசம்பரில் வந்த விதி மாற்றத்துக்குப் பிறகு, விண்ணப்பத்தில் அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பெயரை மட்டும் கொடுத்தாலும் போதும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஆதார், பான், மார்க்‌ஷீட் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருக்கட்டும். இன்னொன்றையும் யோசித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வெளிநாட்டில் செட்டில் ஆனால், இன்று கட்டத்தில் எழுதும் பெயர் உங்கள் பிள்ளைக்கும், அவர்கள் பிள்ளைக்கும் போகலாம். ஊரில் சைக்கிளில் வேலைக்குப் போன ஒரு தாத்தாவின் பெயர், நியூஜெர்சியில் ஒரு குடும்பத்தின் சர்நேமாக நிற்கலாம். வில்லியமுக்கு நடந்தது இதுதான். இப்போது நமக்கு நடந்துகொண்டிருக்கிறது.

அம்மா என்ன போட்டார்?

அன்றைக்குச் சாயங்காலம் இந்தக் கதை முழுவதையும் அம்மாவிடம் சொன்னேன். “அப்ப வெள்ளைக்காரனும் அவன் அப்பன் பேரைத்தான் போட்டுக்கிட்டு இருக்கானா?” என்று சிரித்தார்.

“ஆமாம்மா. இப்போ உனக்கு யார் பேரைப் போடலாம்?”

அம்மாவின் பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் இருப்பது தாத்தாவின் இனிஷியல். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றிலும் அப்பாவின் இனிஷியல். கல்யாணமானதும் யாரும் கேட்காமலே மாறிப்போன எழுத்து அது. டிவி பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பாமலே, “உங்கப்பா பேரையே போடேன்” என்றார்.

ஆதார் திருத்தத்துக்கு ஒருமுறை, பாஸ்போர்ட்டுக்கு ஒருமுறை என்று அலைச்சல்தான். ஆனாலும், அம்மா தாத்தா பெயரைத்தான் போட்டார். புது பாஸ்போர்ட் வந்த அன்று, கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். “முப்பது வருஷம் ஆச்சுடி, எங்கப்பா பேரு என் பேரோட வந்து” என்றார்.

இப்போது அம்மா துபாயில் இருக்கிறார். நேற்று வீடியோ காலில் அக்கா, பிறந்த பாப்பாவைக் காட்டிவிட்டுக் கேட்டாள்: “பாப்பாவுக்கு சர்நேம் கேக்குறாங்கடி, என்ன போடலாம்?”

வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.